பூச்சட்டி வைத்த இடம்

போன மாதம் சங்கத்துப் பிள்ளைகள் நாலு பேர் வீடு தேடி வந்தார்கள். இந்த வட்டாரத்துப் போட்டோக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். இறந்தவர் வீட்டைக் காலி செய்யும்போது கிடைக்கிற பழைய குடும்பப் படங்களை எப்படிப் பாதுகாப்பது என்று நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம். அதில் ஒரு பிள்ளை மடியில் கம்ப்யூட்டரை விரித்து, யாரோ ஒருவர் படத்தில் கரையான் தின்ற ஓட்டையை நான் டீ குடித்து முடிப்பதற்குள் அடைத்துக் காட்டினான். பிறகு பக்கத்தில் நின்ற அம்மாளையே எடுத்துக் காட்டினான். "யாரை வேணும்னாலும் தூக்கிரலாம்யா, நின்ன தடமே தெரியாது" என்று சிரித்தான். நான் கடைசி வாய் டீயைக் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தேன்.

சரி, எழுதுகிறேன். ஈரம் படாமல் வையுங்கள், வெயில் படாமல் வையுங்கள், சமையற்கட்டுச் சுவரில் மாட்டாதீர்கள். பாதுகாப்பு என்பது அவ்வளவுதான், இதற்கு என்னைத் தேடி வந்திருக்க வேண்டாம். கரையான் பத்து வருஷத்தில் தின்கிற படங்களைச் சொந்தக்காரர்கள் ஒரே மத்தியானத்தில் முடித்துவிடுவார்கள். அவர்களிடமிருந்து எப்படிப் பாதுகாப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர்களோடு சேர்ந்து நானும் முடித்துவைத்த ஆள் என்பதால் அதைத்தான் எழுதலாம் என்று இருக்கிறேன்.

திண்டுக்கல்லில் அந்த ஸ்டூடியோவில் நான் சேர்ந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். என் அத்தா தோல் பதனிடுகிற தோல்ஷாப்பில் வேலை பார்த்தவர். அந்த நாற்றத்துக்குப் பயந்துதான் நான் படம் பிடிக்கிற தொழிலுக்குப் போனேன். போன முதல் நாளே படம் கழுவுகிற ஹைப்போ மருந்தின் நாற்றம் பிடித்துக்கொண்டது. "உசுரு குடுக்க முடியாத நீ உருவம் போட்டு என்னடா செய்யப்போறே?" என்று கேட்டுவிட்டு, உருவம் போடுவதை மார்க்கம் ஏற்காது என அம்மா ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த ஒரு வருஷமும் நான் உருவம் எதுவும் போடவில்லை, மருந்து ஊற்றுகிற தட்டுதான் கழுவினேன் என்று சொல்லியும் நம்பவில்லை. இரண்டாம் வருஷம் பென்சில் சீவினேன். டச்சிங் வேலைக்குப் பென்சில் முனை ஊசி நீளத்துக்கு இருக்க வேண்டும். மூன்றாம் வருஷத்திலிருந்து ஊரார் முகத்து அம்மைத் தழும்புகளை அந்தப் பென்சிலால் அடைக்க ஆரம்பித்தேன். பயிற்சி என்று சொன்னால் இவ்வளவுதான்.

முதலாளி பெயர் சவரிமுத்து. பெரிய கேமராவில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் எதிரே உட்கார்ந்திருப்பவர் தலைகீழாகத் தெரிவார். இருபத்தைந்து வருஷம் மனிதர்களை அப்படியே பார்த்துப் பழகியதாலோ என்னவோ, நேராக நிற்கிற எவர் முகத்தையும் பார்த்து அவர் பேச மாட்டார். மேஜைக்கோ சுவருக்கோ பதில் சொல்வார். பதிலும் ஒன்றே ஒன்றுதான். செத்துப்போன அப்பாவுக்குக் கோட்டுப் போட வேண்டுமா? "செய்யலாம்." ஒட்டிய கன்னத்தில் சதை வேண்டுமா? "செய்யலாம்." அந்த 'செய்யலாம்' அவர் வாயிலிருந்து வந்து என் தலையில் விழும்.

அந்தக் காலத்தில் பலருக்கு உயிரோடு இருக்கும்போது படமே கிடையாது. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயம். செத்த பிறகு இனிக் குறைய ஒன்றுமில்லை என்று ஆள் அனுப்புவார்கள். நாற்காலியில் உட்கார்த்தி வைத்துக் கட்டி, மாலை போட்டு எடுத்து வருவோம். படத்தில் கண்ணைத் திறந்துவிடுவது என் வேலை. யார் கண்ணைப் பார்த்து வரைவது? எங்கள் தெருவில் ஒரு போலீஸ் ரைட்டர் இருந்தார், பளிச்சென்ற கண். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் இன்றைக்கும் அவர்தான் முறைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு மாலை போட்டுக் கும்பிடுகிறார்கள்.

வீடு காலி செய்கிறவர்களைத் தூரத்திலிருந்தே எனக்குத் தெரியும். முதலில் பித்தளையைப் பிரிப்பார்கள். அப்புறம் பீரோ, கட்டில், நெல்லுக் குதிர். துணிமணி வண்ணாருக்குப் போகும். பொடி டப்பா, மூக்குக்கண்ணாடி, பல்செட்டு இதெல்லாம் குப்பைக்குழி. படங்கள் கடைசியில் மிஞ்சும், ஏனென்றால் எடை போட முடியாது. ஒரு சாக்கில் போட்டுக் கட்டி எங்களிடம் கொண்டுவருவார்கள். பாதிப் பேர், "உள்ள இருக்கிறதத் தூக்கிப் போட்டுட்டு பிரேமுல முருகன் படம் மாட்டிக் குடுங்க" என்பார்கள். முருகன் மட்டும் என்ன பாவம் செய்தார் என்று நினைத்துக்கொள்வேன்.

தொப்பம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தடவை இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரே நாளில், ஒருத்தர் காலையிலும் ஒருத்தர் சாயங்காலமும் வந்தார்கள். அப்பா படம் ஒன்றே ஒன்று இருந்ததாம். ரெண்டு பேருக்கும் வேண்டுமாம். பஞ்சாயத்தில் கத்தரிக்கோல் கொண்டுவந்து நடுவில் வெட்டிவிட்டார்கள். மூத்தவர் கையில் அப்பாவின் வலது பாதி, இளையவர் கையில் இடது பாதி. "மீதிய நீங்க போட்டுக் குடுத்துருங்க" என்று இருவரும் தனித்தனியே கேட்டார்கள். ஒன்றுக்கு ரெண்டாகக் காப்பி எடுக்கலாமே என்று வெட்டுவதற்கு முன்னால் ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை. முதலாளி சுவரைப் பார்த்து, "செய்யலாம்" என்றார். ஒரே அப்பாவுக்கு நான் ரெண்டு மீசை வரைந்தேன், ரெண்டும் ஒன்றுபோல் இல்லை. பின்னால் அந்த வீட்டில் எந்த அப்பா நிஜ அப்பா என்று ஒரு சண்டை நடந்ததாகக் கேள்வி.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டே இருந்துவிடலாம். ஆனால் சொல்ல வந்தது வேறு. அதற்கு முன்னால் எங்கள் ஸ்டூடியோவின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

அப்போது பிலிம் குறைவு. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி வரும், அதில்தான் படம் விழும். அதற்குப் பிளேட்டு என்று பெயர். அதிலிருந்துதான் பிரிண்ட் போடுவோம். உலகச் சண்டைக் காலத்தில் கண்ணாடிக்குத் தட்டுப்பாடு வந்தபோது முதலாளி ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய பிளேட்டுகளைச் சலவைச் சோடா போட்ட வெந்நீரில் அரை நாள் ஊறப்போட்டால் மருந்து பாலாடையாகக் கழன்று வரும். தேங்காய் நாரால் தேய்த்தால் சுத்தமான கண்ணாடி. அதையே பிரேமுக்குப் போட்டுவிடலாம். சண்டை முடிந்தது, தட்டுப்பாடு தீர்ந்தது, பழக்கம் மட்டும் தீரவில்லை. வருஷா வருஷம் பங்குனியில் நூறு நூற்றைம்பது குடும்பங்களை நான் தேய்த்துக் கழுவியிருக்கிறேன். ஒரு வீட்டுக் கல்யாணத்தைக் கழுவி இன்னொரு வீட்டு எழவுக்குக் கண்ணாடி போட்டிருக்கிறேன். அப்போது அது எனக்குத் தப்பாகவே படவில்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு ஆனி மாதம். நெய்க்காரப்பட்டிப் பக்கத்திலிருந்து பழனிச்சாமி என்பவரும் அவர் தம்பி சுப்புவும் வந்தார்கள். பிள்ளையில்லாத பெரியம்மா இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பெரியப்பா முன்னாலேயே போய்விட்டவர். தோப்பும் வீடும் இவர்களுக்கு வந்திருந்தது. வீட்டைக் காலி செய்த கையோடு ஒரு துருப்பிடித்த தகரப் பெட்டியைப் பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேஜையில் வைத்தார் பழனிச்சாமி. நல்ல தேக்கு பிரேம். கண்ணாடியில் விரிசல் விட்டிருந்தது.

படத்தில் பெரியப்பா ஒரு நாற்காலியில். பக்கத்து நாற்காலியில் பெரியம்மா. பெரியப்பாவின் இன்னொரு பக்கத்தில் வெளிர் நிறச் சேலையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நிற்கிறாள். குழந்தை ஆடிவிட்டதால் முகம் கலங்கியிருந்தது.

"ஏனுங்க, இந்தப் பொம்பளைய எடுத்துப்போடோணும்" என்றார் பழனிச்சாமி. "பெரியப்பாவும் பெரியம்மாவும் மட்டும் இருந்தாப் போதும். பதினாறாம் நாளுக் காரியத்துக்கு நடுவூட்டுல மாட்டோணுமுங்க."

"யாரு இவங்க?" என்று நான் கேட்டேன்.

பழனிச்சாமி கூரையைப் பார்த்தார். சுப்பு, "பண்ணையத்துக்கு இருந்த பொம்பளைங்க" என்றார். பண்ணையத்துக்கு இருந்த பொம்பளை காசுமாலை போட்டுக்கொண்டு எசமானின் நாற்காலியில் கை வைத்து நிற்கிற அதிசயத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

முதலாளி மேஜையைப் பார்த்து, "செய்யலாம்" என்றார். பிறகு மிக அக்கறையாக, "கொழந்தையோட எடுக்கணுமா, கொழந்தைய விட்டுட்டா?" என்று கேட்டார்.

"ரெண்டும் போகோணுமுங்க" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

விஷயம் டீக்கடையில் சுப்பு வாயிலிருந்தே வந்துவிட்டது. அந்தப் பெண் பெரியப்பாவின் இரண்டாம் சம்சாரம். குழந்தைக்கு இரண்டு வயசு ஆகும்போதே செத்துப்போனாள். குழந்தையைத் தாய்மாமன் ஒட்டன்சத்திரம் பக்கம் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இப்போது அது வளர்ந்து நிற்கிறது. "நாளைக்கு இந்தப் படத்தைக் காட்டிப் பங்கு கேட்டுப்போட்டா என்ன பண்றதுங்க?" என்றார் சுப்பு. ஒரு முழம் படத்துக்கு அத்தனை பெரிய தோப்பு பயந்து நடுங்கியது.

ஆளை எடுத்தால் இடம் காலியாகுமே. "ஒரு பூச்சட்டி வச்சிரு" என்றார் முதலாளி. எங்கள் ஸ்டூடியோவில் முக்காலி மேல் ஒரு குரோட்டன்ஸ் சட்டி உண்டு. அதைப் பார்த்து வரைவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆள் நின்ற இடம் முழுக்கத் திரைச்சீலை மாதிரிக் கறுப்பு அடித்தேன். ஆளை மறைப்பதற்குக் கறுப்பைவிடச் சுலபமான வழி கிடையாது. முதல் நாள் சேலை, குழந்தை. இரண்டாம் நாள் காலையில் முகம். முகத்துக்கு மூன்று பூச்சு தேவைப்பட்டது, நெற்றிப்பொட்டு மட்டும் திரும்பத் திரும்ப எட்டிப் பார்த்தது. அதன்மேல் பூச்சட்டியை வரைந்து, மொத்தப் படத்தையும் அதே அளவில் புதிதாகப் போட்டோ பிடித்து பிரிண்ட் போட்டேன். அருமையான வேலை. இன்று கம்ப்யூட்டரில் செய்தாலும் அவ்வளவு சுத்தமாக வராது என்று சொல்வேன், சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

பதினாலாம் நாள் காலையில் இருவரும் வந்தார்கள். பெயிண்ட் அடித்த அசல் படத்தைச் சுப்பு கேட்டு வாங்கி டீக்கடை அடுப்பில் போட்டார். சுரண்டினால் அவள் வந்துவிடுவாளாம். அவளோடு சேர்ந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் எரிந்தது அவர் கணக்கில் வரவில்லை. அதோடு விடவில்லை. "பின்னால உங்க சீலு இருந்துச்சுங்களே, அப்ப பிளேட்டும் உங்ககிட்டத்தான இருக்கும்? அதையும் ஒடைச்சுப்போடுங்க" என்றார் பழனிச்சாமி.

இருந்தது. பெரிய பண்ணைக்காரர்கள் பிரதி கேட்டு வருவார்கள் என்று அவர்கள் பிளேட்டுகளை மட்டும் முதலாளி கழுவாமல் வைத்திருந்தார். நம்பர் பார்த்து எடுத்தார். ஆனால் கண்ணாடியை உடைக்க அவருக்கு மனசு வருமா? "எதுக்கு ஒடைக்கணும்? கழுவிட்டா ஆளு இல்ல. ஒங்க பிரேமுக்கும் கண்ணாடி வேணும். அளவு சரியா இருக்கு, இதையே போட்டுத் தாரேன்" என்று சுவரிடம் சொன்னார். இருவருக்கும் பரம திருப்தி.

"ஏலே மீரா, கழுவுலே" என்று பிளேட்டை என்னிடம் நீட்டினார்.

அரை நாள் ஊற வேண்டியது. அவர்களோ பழனி பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். சலவைச் சோடா தீர்ந்து ஒரு வாரம், முதலாளி வாங்கித் தரவில்லை. வெறும் வெந்நீரில் செத்த நேரம் போட்டு, நாரால் அழுத்தித் தேய்த்தேன். ஈரத்தோடு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. துடைத்து, பிரேமில் படத்தின்மேல் வைத்து, ஆணி அடித்துக் கொடுத்துவிட்டேன். தகரப் பெட்டியை, "வெத்துப் பொட்டிங்க, நீங்களே வெச்சுக்குங்க" என்று விட்டுவிட்டுப் போனார்கள். அதன் அடியில் ஒரு துணி முடிச்சு இருந்தது. பிரித்தால் கைக்குழந்தை போடுகிற கண்ணாடி வளையல் நாலு. பிள்ளை பெறாத பெரியம்மா எதற்கு இதை இத்தனை வருஷம் முடிந்துவைத்திருந்தார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. டப்பா ஒன்றில் போட்டு அலமாரியில் வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் வந்தாள். இருபது வயசு இருக்கும். தாய்மாமன் வாசலில் நின்றுகொண்டார், அவள் மட்டும் உள்ளே வந்தாள்.

"எம்பேரு தெய்வானைங்க. நெய்க்காரப்பட்டியில எங்க பெரியம்மா வூட்டுப் படம் இங்கதான எடுத்தது?"

முதலாளி மேஜையைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

"தைப்பூசத்துக்கு வருசா வருசம் பழனிக்கு நடந்து போவமுங்க. சாமி கும்பிட்டுட்டு அப்படியே பெரியம்மா வூட்டுக்குப் போயி எங்கம்மா படத்தப் பாத்துட்டு வருவேன். பெரியம்மாதான் நடுவூட்டுல மாட்டி வெச்சிருந்தாங்க. எனக்கப்பறம் இது உனக்குத்தான் சாமின்னு சொல்லியிருந்தாங்க. பதினாறாம் நாளு போனனுங்க. எங்கம்மா நின்ன எடத்துல பூச்சட்டி இருக்குதுங்க."

பங்கு, தோப்பு என்று ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை. ஆவணியில் கல்யாணம். அம்மா படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் மணவறை ஏற வேண்டும் என்று சின்ன வயசிலிருந்தே நினைத்திருக்கிறாள். அம்மா முகம் அவளுக்கு ஞாபகம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் படத்தில் பார்த்ததுதான் முகம்.

"பிளேட்டு இல்லம்மா. கண்ணாடிக்குக் கழுவியாச்சு" என்று முதலாளி சுவரிடம் சொன்னார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதில்லை.

"அப்ப வெறுஞ் செவுத்தக் கும்பிட்டுட்டு ஏறட்டுங்களா?" என்றாள். என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, பூச்சட்டி வரஞ்சது நீங்கதானுங்களா? அப்ப எங்கம்மாவ நீங்க நல்லாப் பாத்திருப்பீங்க. ஒரு தாள்ல வரஞ்சு குடுங்கண்ணா, எப்படி இருந்தாலும் பரவால்லீங்க."

பென்சிலை எடுத்தேன். ஒரு கோடு வரவில்லை. ஒரு காலை முழுக்க அந்த முகத்தின்மேல் குனிந்து கிடந்திருக்கிறேன், எனக்கு அது ஞாபகம் இல்லை. எத்தனை பூச்சில் மறையும் என்று பார்த்தேனே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. இவளுக்கும் போலீஸ் ரைட்டர் கண்ணை வரைந்து கொடுப்பதா? எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்தேன். அவள் புரிந்துகொண்டு எழுந்தாள். ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் விலாசத்தை எதற்கும் இருக்கட்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

ஆடி பிறந்த முதல் வாரம். பழனிச்சாமியும் சுப்புவும் அந்த பிரேமை ஒரு வேட்டியில் சுற்றி, நடுவில் பாம்பு இருப்பது போலத் தூரமாகப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். கண்ணாடி முழுக்க விபூதியும் குங்குமமும்.

"ஏனுங்க, பூச்சட்டிக்குள்ள அவ நிக்கறாளுங்க!" என்றார் சுப்பு.

"எப்ப நிக்கிறாங்க?" என்று முதலாளி விசாரித்தார்.

"காத்தால ஏழு மணிக்குங்க. வாசல் வெயிலு சாஞ்சு படத்துல படுமுங்க, அப்ப."

"மத்த நேரம்?"

"இல்லீங்க."

"சரிதான். காலையில மட்டும் வந்துட்டுப் போறாங்க" என்று முதலாளி சுவரிடம் தலையாட்டினார்.

அண்ணன் சம்சாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாம். குறி சொல்கிற கோடாங்கியிடம் பார்த்ததில் அவர் ஒரு கிடாய், ரெண்டு சேவல் கேட்டிருக்கிறாராம். கொடுத்தாயிற்றாம். விபூதி பூசப் பூச இன்னும் எடுப்பாகத் தெரிகிறாளாம். உயிரோடு இருக்கிற பெண்ணுக்குப் பயந்து படத்தை அழித்தவர்கள், இப்போது செத்தவளுக்கு வீட்டில் ஒரு அறையையே ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். வந்த சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சாய்த்துப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. சோடா இல்லாமல் தேய்த்ததில் மருந்து முழுக்கப் போகவில்லை. ஈரத்தில் தெரியாதது காய்ந்ததும் மெல்லிய படலமாக நின்றுவிட்டது. மெலிந்துபோன பிளேட்டைக் கறுப்பின்மேல் வைத்துச் சாய்வாகப் பார்த்தால், நெகட்டிவ் நேர்ப்படமாகத் தெரியும். தொழிலில் இருக்கிற எவனுக்கும் தெரிந்த விஷயம் இது. அதே படம், அதே அளவு, அதே இடம். அவளை மறைக்க நான் அடித்த கறுப்பே அவளைக் காட்டிக்கொண்டிருந்தது.

முதலாளியும் பார்த்துவிட்டார் என்பது அவர் காது மடல் சிவந்ததில் தெரிந்தது. ஆனால் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. "செய்யலாம். வேற கண்ணாடி போட்டுத் தாரேன். இத ஒடைச்சிருவோம்."

"எங்க கண்ணு முன்னால ஒடைங்க" என்றார் பழனிச்சாமி.

"ஒடைக்கலாம். சில்லு தெறிக்கும். எவரு கால்ல ஏறுதோ அவரு பின்னாலயே அந்தம்மா போயிருவாங்க. எங்களுக்குப் பழக்கம், பரவால்ல. ஏலே மீரா, சுத்தியல எடு."

அப்போது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ஜெபம் சொல்கிற முகம். நான் புதுக் கண்ணாடியை மாட்டி முடிப்பதற்குள் இருவரும் தெருவுக்கு இறங்கிவிட்டார்கள். பிரேமை வாசலில் வைத்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. பஸ் வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் ஓடினார்கள்.

முதலாளி கேமராவின் கறுப்புத் துணியை மேஜையில் விரித்து அந்தக் கண்ணாடியை வைத்தார். கண்ணாடியில் படத்து மூவரும் தெரிந்தார்கள். வெகுநேரம் குனிந்து பார்த்தார். பத்து வருஷத்துக்கு மேல் அவரோடு இருந்த நான், ஒரு முகத்தை அவர் நேராகப் பார்த்ததை அன்றுதான் கண்டேன்.

"அன்னைக்குச் சோடா போடலையாலே?"

"நீங்க வாங்கித் தரல மொதலாளி."

"சரி, காப்பி எடு" என்றார்.

விபூதியைத் துணியால் துடைத்தால் படலமும் சேர்ந்து போய்விடும். டச்சிங் பிரஷ்ஷால் ஒரு மணி நேரம் தட்டித் தட்டி எடுத்தேன். காலை வெயில் வடக்குச் சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தில் கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தினேன். முதல் எடுப்பு மொத்தமும் சாம்பல். இரண்டாவதில் அவள் இடுப்புக் குழந்தைக்குப் பக்கத்தில் என் முகம் விழுந்திருந்தது. பிறகு என் மேலேயும் ஒரு கறுப்புப் போர்வையைப் போர்த்திக்கொண்டு எடுத்தேன். மூன்றாவதில் வந்தாள். சேலை வந்தது, காசுமாலை வந்தது, நெற்றிப்பொட்டு வந்தது. இந்தத் தடவை முகத்தைப் பார்த்தேன். வட்ட முகம், கொஞ்சம் முன்னால் வந்த மேலுதடு, போட்டோக்காரனை நம்பாத பார்வை. எல்லாம் மங்கல்தான். இடது நெற்றியோரத்திலிருந்து தாடை வரைக்கும் கன்னத்தில் நீளமாக ஒரு கீறல் மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது. என் தேங்காய் நார் போட்டது.

'படம் தயார். உடனே வரவும்' என்று வாத்தியார் விலாசத்துக்குக் கார்டு போட்டேன். கீறலை அடைப்பது எனக்கு அரை மணி வேலை. ஆனாலும் மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகச் செய்யலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். உண்மையில் அந்த முகத்தில் திரும்பப் பென்சில் வைக்கக் கை வரவில்லை. கடைசியில் ஒரு நாள் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்காரும்போது தெய்வானை வந்து நின்றாள்.

பிரிண்ட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. குழந்தையைத்தான் முதலில் காட்டினாள். "இது நானுங்களா? எனக்கு மொகமே இல்லீங்களேண்ணா."

"நீ ஆடிட்டம்மா."

"அப்பவே அடங்கல போல" என்று சிரித்தாள். வளையல் டப்பாவைக் கொடுத்தேன். ஒரு வளையலை எடுத்துப் படத்தில் குழந்தையின் கைக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். பெரியம்மா என்று மட்டும் சொன்னாள். பிறகு முகத்துக்கு வந்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

"எங்கம்மாவுக்குக் கன்னத்துல தழும்பு கெடையாதுங்களே."

இருந்தது என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஊர் முகத்தையெல்லாம் பொய்யாலேயே அடைத்தவன் நான். அன்றைக்கு வாயில் பொய் வரவில்லை. "தழும்பு இல்லம்மா. அது நான் நாரு வச்சுத் தேய்ச்சது. நாந்தான் கழுவுனேன். இப்பிடிக் குடு, செத்த நேரத்துல அடைச்சுத் தாரேன். தெரியவே தெரியாது" என்று கையை நீட்டினேன்.

அவள் படத்தை நெஞ்சோடு சேர்த்துப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாமுங்கண்ணா. எங்கம்மா மேல நீங்க கைவெச்ச வரைக்கும் போதும்."